ரசம் வைத்த சாட்சி

அத்தியாயம் 9

திருடிவிட்டுப் போன ஒருவன், அந்த வீட்டில் யாருக்கும் ஷாக் அடித்துவிடக் கூடாதே என்று கவலைப்படுவானா? வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, போலீஸ் ஸ்டேஷன் மர பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு வயர்மேன் இசக்கிமுருகன் அந்தக் கவலையைத்தான் பட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, அந்த வீட்டுல எர்த் கம்பிய நான் இன்னும் மாட்டல. குழி தோண்டி, குழா எறக்கி, கரியும் உப்பும் கொட்டி, தண்ணியும் ஊத்தியாச்சு. கம்பிய முறுக்கப் போகும்போதுதாம் இவிய வந்து கூட்டிட்டு வந்துட்டாவ. ஹீட்டர் போட வேண்டாம்னு அந்த வீட்டுல சொல்லிருங்க. ரெண்டு நாளா இங்க உள்ளவங்ககிட்டச் சொல்லுதேன், ஒருத்தரும் காதுல போட மாட்டேங்காவ."

"சொல்லிருதேன்," என்றார் பாத்து அக்கா. "இப்ப நான் கேக்கதுக்குப் பதில் சொல்லு. செவ்வாக்கெழம பதினொரு மணிலேருந்து பன்னெண்டு மணி வரைக்கும் எங்கன இருந்த?"

"குழிகிட்டதாம் நின்னேன். ஒரு எட்டு அங்க இங்க நகரல."

"அந்த நேரத்துல வீட்டுக்கு யாரும் வந்தாவளா?"

அதுவரை எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசியவன் தரையைப் பார்த்தான்.

"அத மட்டும் கேக்காதிய அக்கா."

எனக்கு உடனே சந்தேகம் பிடித்துக்கொண்டது. என் பெயர் மகேஸ்வரன், அக்காவின் உதவியாளன். பைக் ஓட்டுவது, டீ வாங்குவது, தப்பான ஆளைச் சந்தேகப்படுவது ஆகிய மூன்றும் என் வேலை. மூன்றாவதில் நான் இதுவரை சோடை போனதே கிடையாது.

பாத்து அக்கா இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளைப் பார்த்தவர். எது தானாக எரிந்தது, எது எரிய வைக்கப்பட்டது என்று சாம்பலைக் கிளறிச் சொல்லுவார். இப்போது வண்ணார்பேட்டையில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே எங்கள் துப்பறியும் ஆபீஸ் இருக்கிறது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு போர்டு. பதினொன்றரைக்குக் கீழே அண்டாவைத் திறந்தால் மாடியில் எனக்கு மூளை வேலை செய்யாது.

அன்று காலை அந்த மாடிக்கு ஏறி வந்தவள் இசக்கிமுருகனின் மனைவி முத்துராணி. அழவில்லை. கோபமாகத்தான் பேசினாள். "அக்கா, வயர்மேனுக்கு வீட்டுக்குள்ள விட்டாத்தாம் சோறு. பீரோ இருக்க அறையில ஏணி போட்டு நிக்கவன அவன். களவாணின்னு ஒரு பேரு வந்துட்டா எந்த வீட்டுல வாசப்படி தாண்ட விடுவாவ?" என்று கேட்டாள். அக்கா எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார்.

வழக்கு இதுதான். சிந்துபூந்துறையில், கொல்லை தாண்டினால் ஆறு என்று இருக்கும் ஒரு வீடு. ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் அனந்தநாராயணன், அவர் மனைவி சீதாலக்ஷ்மி, அவர்களோடு தங்கியிருக்கும் சாரின் தங்கை மகன் ஸ்ரீராகவ். கிரைண்டரைத் தொட்டால் சுரீர் என்கிறது என்பதற்காக, செவ்வாய்க்கிழமை இசக்கிமுருகனை வரவழைத்து, கொல்லையில் எர்த் குழி போடச் சொன்னார்கள். அன்று சாயங்காலம், மறுநாள் பாங்க் லாக்கரில் வைக்கலாமென்று சார் பீரோவைத் திறந்தார். நகைப்பெட்டி இருந்தது. உள்ளே இருந்த கெம்பு அட்டிகை இல்லை. பூட்டு உடைபடவில்லை. சுவாமி அலமாரியில் இருக்கும் சாவியை எடுத்துத் திறந்து, திரும்பப் பூட்டி, சாவியை இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு அந்த வீட்டில் வெளியாள் என்று நாள் முழுக்க இருந்தது இசக்கிமுருகன் ஒருவன்தான். சாட்சியும் இருந்தது. சார் டியூஷன் எடுக்க வண்ணார்பேட்டைக்குப் போயிருந்தார். மாமி கோயிலுக்குப் போயிருந்தாராம். வீட்டில் இருந்த ஸ்ரீராகவ் சமையலறையில் ரசம் வைத்துக்கொண்டிருந்தாராம். சமையலறை ஜன்னல் வழியே பார்த்தால் எர்த் குழி தெரியும். பதினொன்றிலிருந்து முக்கால் மணி நேரம் குழியருகே வயர்மேனைக் காணவில்லை என்று அவர் போலீசில் சொல்லிவிட்டார்.

"அஞ்சு மணி வரைக்கும் பாருங்கக்கா," என்றார் எஸ்.ஐ. காசிலிங்கம். "அஞ்சுக்கு மேல எஃப்.ஐ.ஆர். போட்டு ரிமாண்டுக்கு அனுப்பிருவேன். சாருக்குப் பொய் சொல்ல என்ன வேண்டிக் கெடக்கு? இவனே அவருகிட்டப் படிச்சவன்தான்."

"அப்படியா?" என்று அக்கா திரும்பினார்.

"பத்தாங் கிளாசுல கரண்டுப் பாடம் சார்வாள்தாம் எடுத்தாவ," என்றான் இசக்கிமுருகன். அந்த நிலைமையிலும் அவன் குரலில் ஒரு பெருமை இருந்தது.

பாலத்தைத் தாண்டும்போது பைக்கின் பின்னாலிருந்து அக்கா கேட்டார். "ஏலே மகேசு, நீ என்ன நெனைக்க?"

"அவன்தான்க்கா. ஒரு கேள்விக்குத் தரையப் பாத்தான், கவனிச்சியளா? எர்த்து, ஹீட்டருன்னு சொன்னதெல்லாம் நடிப்பு."

"நடிக்கவன் தனக்காக நடிப்பான்லே. வீட்டுக்காரன் உசுருக்காக ஏன் நடிக்கணும்? அவன் எதையோ மறைக்கான், அது நெசம். ஆனா தனக்காக மறைக்கல."

"பின்ன யாருக்காக?"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

சிந்துபூந்துறை வீட்டில் கூடம் மட்டும் பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. சாயங்கால டியூஷனுக்காகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் கொசுவத்திச் சுருள் போல ஒன்றை வரைந்து, அதன் மேல் ஒரு சட்டியை வரைந்து, சுற்றிலும் அம்புக்குறி போட்டிருந்தார்கள். கொசுவத்தியில் எப்படிச் சமைப்பார்கள் என்று நான் யோசித்தேன். அக்கா அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். வாசலோரம் ஆணியில் மஞ்சள் நிற ஹெல்மெட் ஒன்று தொங்கியது. அதை எங்கேயோ பார்த்த ஞாபகம் எனக்கு.

அனந்தநாராயணன் சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். சீதாலக்ஷ்மி மாமி சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்ரீராகவுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது. கழுத்தில் ஹெட்போன் மாட்டியிருந்தார்.

அக்கா முதலில் வந்த வேலையைச் செய்தார். "இசக்கிமுருகன் ஒரு சேதி சொல்லிவிட்டிருக்கான். எர்த் கம்பி இன்னும் மாட்டலயாம். ஹீட்டர் போட வேண்டாம்னு சொல்லச் சொன்னான்."

மாமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெண்மணியின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். திருட்டுக் கொடுத்தவருக்கு, திருடியதாகச் சொல்லப்படுகிறவன் மேல் ஏன் இத்தனை இரக்கம்? என் சந்தேகப் பட்டியலில் ஆள் கூடிக்கொண்டே போனார்கள்.

"நாங்க போலீசுக்குச் சொன்னதுதான்," என்றார் சார். "புதுசா சொல்ல ஒண்ணுமில்லை."

"புதுசா வேண்டாம் சார். பழசையே இன்னொரு தடவ சொல்லட்டும். தம்பி, நீங்கதானே ரசம் வச்சிய? எந்த அடுப்புல?"

"இண்டக்ஷன்ல," என்றார் ஸ்ரீராகவ். "அன்னிக்குக் காலம்பறதான் கேஸ் தீர்ந்து போச்சு. புது சிலிண்டர் மத்யானம் மூணு மணிக்குத்தான் வந்தது."

"அது நிஜம்," என்றார் சார். "எனக்கு ரெண்டாவது காபியே இண்டக்ஷன்ல போட்டதுதான்."

"எந்தப் பாத்திரத்துல வச்சிய?"

"ஈயச்சொம்புலதான். எங்காத்துல ரசம்னா ஈயச்சொம்புதான்."

"அதெல்லாம் எதுக்கு இப்போ?" என்று சார் குறுக்கே வந்தார். "காணாமப் போனது அட்டிகை. ரசம் இல்லை."

"எனக்கு ரசம் பிடிக்கும் சார். சொல்லுங்க தம்பி, எப்படி வச்சிய?"

"சொம்பை அடுப்புல வச்சு, புளி ஜலம் விட்டு, தக்காளி, ரசப்பொடி எல்லாம் போட்டு... ஒரு அரைமணி நேரம் நன்னா தளதளன்னு கொதிக்க விட்டேன். ஜன்னல் வழியா பார்த்துண்டே இருந்தேன். குழிகிட்ட அவனைக் காணலை."

அரைமணி நேரம் என்றபோது மாமி கண்ணை மூடிக்கொண்டார். தளதளவென்று என்றபோது நானே மூடிக்கொண்டேன். நுரை கட்டியதும் இறக்க வேண்டிய ரசத்தை அரைமணி நேரம் கொதிக்கவிட்டவன் திருடனாக இல்லாவிட்டாலும் தண்டிக்கப்பட வேண்டியவன்.

"நான் அந்த ஜன்னலண்ட நின்னு பாக்கணும்," என்றார் அக்கா.

"உள்ளே வெளியாளை விடற வழக்கமில்லை," என்றார் சார். "போலீஸ்காரங்களே கூடத்தோட நின்னுட்டா."

"அதனாலதாம் சார் நான் வரவேண்டியதாப் போச்சு."

வெளியே யாரோ ஆற்றில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது. அப்போது மாமி முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"வரட்டும்," என்றார். சாரைப் பார்க்காமலே சொன்னார்.

சாரும் ஸ்ரீராகவும் எங்களோடு உள்ளே வந்தார்கள். சமையலறை கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தது. மேடையில் கேஸ் அடுப்பு, பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட இண்டக்ஷன் அடுப்பு. அலமாரியில் ஈயச்சொம்பு, நிறம் மங்கி, அடி கொஞ்சம் நசுங்கி, பல வருஷம் உழைத்த களையோடு இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் எர்த் குழியும், அதிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருக்கும் குழாயும் நன்றாகவே தெரிந்தன. சாட்சி சொன்னது அதுவரை சரி.

அக்கா ஜன்னலை ஒரு பார்வைதான் பார்த்தார். அப்புறம் குனிந்து மேடைக்கு அடியில் பார்த்தார். அங்கே ஒரு நீல பிளாஸ்டிக் டப் கவிழ்ந்திருந்தது. அதை நிமிர்த்தி உள்ளே விரலால் தடவிவிட்டு, எதுவும் சொல்லாமல் ஓரமாக வைத்தார். டப்பில் என்ன கண்டார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால் ரோட்டைப் பார்க்கச் சொல்வார், இங்கே ரோடும் இல்லை.

"மாமி, ஈயச்சொம்புல தண்ணி பிடிச்சுத் தாறியளா? தம்பி, நீங்க அன்னைக்கு மாதிரியே அடுப்ப ஏத்துங்க. கை ஈரமில்லாம இருக்கட்டும். எர்த் இல்லாத வீடு."

ஸ்ரீராகவ் சொம்பை இண்டக்ஷன் அடுப்பில் வைத்துப் பொத்தானை அழுத்தினார்.

அடுப்பு 'பீப்' என்றது. மறுபடி 'பீப்' என்றது. விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அரை நிமிஷம் கத்திவிட்டுத் தானாகவே அணைந்துபோனது. ஸ்ரீராகவ் சொம்பை நகர்த்தி வைத்து இன்னொரு முறை அழுத்தினார். அடுப்பு இன்னொரு முறை கத்திவிட்டு அணைந்தது.

"ரிப்பேர் போலிருக்கு," என்றார்.

அக்கா எவர்சில்வர் காபிப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து வைத்தார். அடுப்பு வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தது. ஒரு நிமிஷத்தில் ஆவி வந்தது.

"ஏலே மகேசு, அந்தப் பிரிட்ஜ் கதவுல பிள்ளையார் காந்தம் ஒண்ணு ஒட்டியிருக்கே, எடு. காபிப் பாத்திரத்துக்கு அடியில வை."

சூடு படாமல் வைத்தேன். காந்தம் கப்பென்று ஒட்டிக்கொண்டது.

"சொம்புல வை."

வைத்தேன். பிள்ளையார் வழுக்கிக் கீழே விழுந்தார். எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தார். பிள்ளையாரே சாட்சி சொன்ன பிறகு யார் என்ன பேசுவது?

"கண்ணாடிக்கு அடியில ஒரு சுருள் இருக்கு தம்பி," என்றார் அக்கா. "கரண்டு போனா அதுல காந்தம் உண்டாகும். உண்டாகி, மாறி மாறி அடிக்கும். அது பாத்திரத்து அடியில கரண்டக் கெளப்பி, பாத்திரத்தையே சூடாக்கும். அதுக்கு இரும்புச் சேர்மானம் வேணும். ஈயத்தக் கண்டா அந்த அடுப்பு பாத்திரம்னே ஒத்துக்கிடாது. நீங்க அன்னைக்கு இதுல ரசம் வைக்கல. ஜன்னல்கிட்ட நிக்கவும் இல்ல. எங்கன போயிருந்திய?"

அந்த நேரத்தில்தான் எனக்கு மஞ்சள் ஹெல்மெட் ஞாபகம் வந்தது.

"அக்கா!" என்று கத்திவிட்டேன். "நம்ம ஆபீசுக்குக் கீழ, கடைசி மேசையில மஞ்ச ஹெல்மெட்டு! வாரத்துல ரெண்டு நாள் சுவரப் பாத்து உக்காந்து மட்டன் பிரியாணி சாப்பிடுத ஆளு! இவரு மூஞ்சி எனக்குத் தெரியாது, முதுகு தெரியும். எலும்பக் கடிக்குத சத்தம்கூடத் தெரியும்!"

ஸ்ரீராகவ் முகம் வெளுத்தது. "மாமா..." என்று ஆரம்பித்தார். சார் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிரியாணி என்ற சொல்லுக்குக்கூட அவரிடம் ஒரு அசைவும் இல்லை. அது எனக்கு வித்தியாசமாகப் பட்டது.

அதற்குப் பிறகு தம்பி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பதினொரு மணிக்குக் கிளம்பிப் போய், பன்னிரண்டே காலுக்குத் திரும்பி வந்திருக்கிறார். பன்னிரண்டரைக்குச் சாப்பிட வந்த சார், கோயிலுக்குப் போன மாமி இப்போதுதானே வந்திருப்பாள், ரசம் யார் வைத்தது என்று கேட்டிருக்கிறார். மாமி தம்பியைப் பார்த்தாராம். தான் வெளியே போயிருந்த விஷயமும் அதில் மறைந்துபோகுமே என்று, நான்தான் வைத்தேன் என்று தம்பி சொல்லிவிட்டாராம்.

"சாயங்காலம் எஸ்.ஐ. கேட்டார், ரசம் வைக்கும்போது குழிகிட்ட அவனைப் பார்த்தியான்னு. பார்க்கலைன்னேன். பார்க்கலைங்கறது நிஜம்தானே!"

ஒரு தட்டுப் பிரியாணிக்காக ஒரு மனிதனை ஜெயிலுக்கு அனுப்பவிருந்த அந்த முகத்தை அறைந்துவிடலாமா என்று எனக்கு வந்தது. ஆனால் அதற்குள் இன்னொன்று உறைத்தது.

"அக்கா," என்றேன் காதோரமாக. "இது இன்னும் மோசமால்லா போச்சு? சார் டியூஷன்ல, மாமி கோயில்ல, இவரு பிரியாணிக் கடையில. வீட்டுல ஒருத்தருமே இல்ல, இசக்கிமுருகன் மட்டுந்தாம் தனியா. நாமளே அவனுக்கு விலங்கு மாட்டிட்டோம்."

அக்கா கேட்டது எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. "வீட்டுல ஒருத்தருமே இல்லன்னா, ரசம் யாரு வச்சா?"

நீல டப்பை எடுத்து மேடை மேல் வைத்தார். உள்ளே, அடியில், வட்டமாக ஒரு துருக்கறை இருந்தது. யாரோ தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள். முழுவதும் போகவில்லை.

"இது சிலிண்டர் அடிவளையம் பதிஞ்ச தடம். அடுப்பு அணைஞ்சுட்டா கேஸ் தீந்துட்டுன்னு நெனைக்கோம். அடியில கொஞ்சம் கெடக்கும், வெளிய வர அழுத்தம் பத்தாது. சிலிண்டரச் சுடுதண்ணியில தூக்கி வச்சா, உள்ள கெடக்கது ஆவியாயி அழுத்தம் ஏறும். ஒரு ரசம் வைக்கிற மட்டுக்குக் கெடைக்கும். ஆபத்தான வேலதாம். ஆனா எங்க உம்மாவே செஞ்சு நான் பாத்திருக்கேன். இந்தத் தம்பிக்கு இது தெரியாது. சாருக்குத் தேவப்படாது. அடுப்படியில பொழங்குன கை செஞ்ச வேல இது."

மாமி நிலையை விடவில்லை.

"எனக்கு ஒண்ணுதாம் வெளங்கல மாமி," அக்காவின் குரல் தணிந்தது. "பக்கத்துலயே இண்டக்ஷன் அடுப்பு இருக்கு. எவர்சில்வர் பாத்திரம் இருக்கு. இத்தன பாடு எதுக்கு? ஈயச்சொம்பு ரசம்தாம் வேணும்னு ஒரு ஆளு கேட்டிருக்கணும். அத இல்லன்னு சொல்ல உங்களுக்கு மனசு வராத ஆளா இருக்கணும்."

"ஏழு மாசம்," என்றார் மாமி.

பிறகு பேசினார், நிறுத்தாமல் பேசினார். "என் பொண்ணு ஹம்ஸினி. ரெண்டு வருஷம் முன்னாடி அவ இஷ்டப்படி ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிண்டா. அவ பேரைக்கூட இந்தாத்துல சொல்லக்கூடாதுன்னு இவர் சொல்லிட்டார். இப்போ ஏழு மாசம் அவளுக்கு. எது சாப்பிட்டாலும் வயத்துல தங்கலையாம். 'அம்மா, உன் சொம்பு ரசம் ஒரு டம்ளர் குடிச்சா சரியாயிடும்'னா போன்ல. இவர் டியூஷனுக்குப் போய், ஸ்ரீராகவும் வெளில கிளம்பினதும் கொல்லை வழியா வரச்சொன்னேன். கோயிலுக்கெல்லாம் நான் போகலை. ரெண்டு டம்ளர் குடிச்சா. நான்தான் சாவியை எடுத்து, பீரோவைத் திறந்து, அட்டிகையை அவ கழுத்துல போட்டேன். அது எங்கம்மா எனக்குப் போட்டது. என் நகையை என் பொண்ணு கழுத்துல நான் போட்டா அது களவா?"

"இல்ல மாமி," என்றார் அக்கா. "அது களவு இல்ல. இசக்கிமுருகன் அந்தப் பெஞ்சுல உக்காந்திருக்காம்லா, அதுதாம் களவு. அவன் பேரக் களவாண்டுட்டோம்."

"அவன் பார்த்தான்," மாமி அழ ஆரம்பித்தார். "கொல்லை வழியா அவ வரதைப் பார்த்தான். 'சார்கிட்ட சொல்லிடாதேப்பா'ன்னு கையைப் பிடிச்சிண்டேன். 'நான் ஏன்ம்மா சொல்லப்போறேன்'னான். அவன் தலையில வந்து விடியும்னு நான் நினைக்கலையே. இன்னிக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு ரெண்டு நாளா வாய் வரைக்கும் வந்தது."

வழக்கு முடிந்தது என்று நான் மணியைப் பார்த்தேன். நாலு பத்து. ஆனால் அக்கா நகரவில்லை. சாரைப் பார்த்துத் திரும்பினார். மாமியின் மேல் வராத கோபம் அப்போதுதான் அவர் முகத்தில் வந்தது.

"சார், அடுப்பு கத்தும்போது நாங்க எல்லாரும் அடுப்பப் பாத்தோம். நீங்க மட்டும் தரையப் பாத்திய. அது கத்தும்னு உங்களுக்கு முன்னாலயே தெரியும்."

அக்கா கூடத்துப் பக்கம் கையை நீட்டினார்.

"கூடத்துப் பலகையில கெடக்குத படம் உங்க கைதானே? சுருள், அதுக்கு மேல சட்டி. சட்டியில 'இரும்பு'ன்னு எழுதியிருக்கு. முப்பது வருஷமா அந்தப் பாடம் நடத்துதவருக்கு, ஈயச்சொம்புல இண்டக்ஷன் ரசம்னு தங்கச்சி மகன் சொன்ன அந்த நிமிசமே பொய்யின்னு தெரியாதா? எஸ்.ஐ. எழுதிக்கிட்டு இருக்கும்போது பக்கத்துலயேதானே நின்னிய?"

நான் கூடத்தை எட்டிப் பார்த்தேன். கொசுவத்தி என்று நான் நினைத்தது இண்டக்ஷன் அடுப்பு. சட்டியின் மேல் நீல மையில் 'இரும்பு' என்று தெளிவாகவே எழுதியிருந்தது.

"தெரியும்," என்றார் சார். "ரசத்தை வாயில வைக்கும்போதே தெரியும், அது சீதா கைன்னு. யாருக்காக வச்சிருப்பாள்னும் தெரியும். ஆனா அட்டிகையைக் காணோம்னதும் ஆத்திரத்துல கம்ப்ளெய்ண்ட் குடுத்துட்டேன். அப்புறம் வாயைத் திறந்தா அவ பேரைச் சொல்லணும். சொல்லக்கூடாதுன்னு சொன்னவனே நான்தானே."

"அதுக்கு உங்க மாணவன் ஜெயிலுக்குப் போகணுமா சார்?"

சார் கூடத்துக்குப் போய்ச் சட்டையை மாட்டினார். பொத்தான்களை ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொண்டார். மாமிதான் சரிசெய்துவிட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை கேட்டிருக்கிறேன். எர்த் குழி வெட்டி ஒரு வீட்டின் பூதம் கிளம்பியதை அன்றுதான் பார்த்தேன்.

ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. முத்துராணி வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். சாரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நகை தொலையல, வீட்டு ஆளுகிட்டயே இருக்குன்னு எழுதிக் குடுக்கிய, சரி," என்றார் எஸ்.ஐ. காசிலிங்கம், பேனாவோடு. "யாருகிட்ட இருக்கு? பேரச் சொல்லுங்க சார், எழுதணும்."

சார் நின்றுகொண்டே இருந்தார். மாமி அவரைப் பார்க்கவில்லை. கேட்கக் காத்துக்கொண்டிருந்தார்.

"ஹம்ஸினி," என்றார் சார். "என் பொண்ணு."

"இனிஷியல்?"

"என் இனிஷியல்தான். அ."

மாமி சுவரில் சாய்ந்துகொண்டார். எஸ்.ஐ. எழுதி முடித்து, கையெழுத்து வாங்கி, இசக்கிமுருகனை வரச் சொன்னார். பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவன் சார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வகுப்பில் அப்படித்தான் நின்றிருப்பான் போலிருக்கிறது. சார் அவனை நிமிர்ந்து பார்க்கச் சங்கடப்பட்டார்.

"ஏண்டா, நீயாவது சொல்லியிருக்கலாமே."

"அம்மாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன் சார். அவியளே சொல்லிருவாவன்னு இருந்தேன். இல்லன்னா நீங்க சொல்லுவியன்னு நெனச்சேன். தம்பி சொன்னத எஸ்.ஐ. சார் எனக்கு வாசிச்சுக் காட்டுனாவ. ஈயத்துல காந்தம் ஒட்டாதுன்னு எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கதானே சார்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் அப்போது சொல்ல வேடிக்கை எதுவும் அகப்படவில்லை. சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மன்னிப்பாகத்தான் இருக்கும். இசக்கிமுருகன் அதற்கு இடம் வைக்கவில்லை.

"ஹீட்டர் போடலல்லா?"

"போடலைப்பா."

"நாளைக்குக் காலையில வந்து எர்த்த மாட்டித் தந்துருதேன். பாதியில கெடந்தா ஆபத்து." முத்துராணி உள்ளே வந்து மேஜை மேலிருந்த அவன் சாமான் பையை எடுத்துக்கொண்டாள். அவன் அவளோடு வாசல் வரை போய்த் திரும்பினான். "அதுக்குப் பொறவு வேற ஆளப் பாத்துக்கிடுங்க சார்."